ஹேட்ச்பேக்கா, கூப்பேயா என்று கேட்டாய்

மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. கோயம்புத்தூர்ப் பந்தய அணியில் உனக்கு இரண்டு கார்களைக் காட்டியிருக்கிறார்கள், ஒன்றைத்தான் எடுக்க முடியும், ஒன்று முன்சக்கரம் இழுக்கும் ஹேட்ச்பேக், மற்றது பின்சக்கரம் தள்ளும் கூப்பே, மாதக் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றாய். எதை எடுப்பது என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள், "ரெண்டுமே வேணாம்னு சொல்லிட்டு ஊருக்கே வந்துடலாம்னு இருக்கேம்மா" என்றும் சொன்னாய். நான் அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டேன். போனில் உன்னிடம் எதையும் முழுதாகச் சொல்ல முடிவதில்லை. நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ அதற்குப் பதிலை ஆரம்பித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். கல்பாக்கத்தில் பணிக்காலம் முழுக்கச் சோதனை அறிக்கைகள் எழுதிய கை இது. கடிதமும் கொஞ்சம் அறிக்கை மாதிரிதான் வரும். உன்னைக் கேட்காமலே இதை நம் குடியிருப்பு ஆண்டு மலருக்கும் கொடுக்கச் சம்மதித்துவிட்டேன். இங்கே நிறையப் பேருக்குப் பிள்ளைகள் வெளியூரில்தான் இருக்கிறார்கள். ஆகவே உனக்குத் தெரிந்த சில விஷயங்களையும் அவர்களுக்காக விளக்க வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்.

ஹேட்ச்பேக் என்பது நம் தெருவில் வீட்டுக்கு வீடு நிற்கிற சின்னக் கார்தான். பின்பக்கம் கண்ணாடியோடு சேர்ந்து மேலே திறக்கும். இன்ஜின் முன்னால் இருக்கிறது, அது சுற்றுவதும் முன்சக்கரங்களை. வண்டியை இழுப்பதும் அந்த இரண்டு டயர்கள், திருப்புவதும் அதே இரண்டு டயர்கள். வளைவுக்குள் வேகமாக நுழைந்துவிட்டால் அவற்றால் இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்ய முடியாது. நாம் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே இருப்போம், வண்டி நேராகப் போய்க்கொண்டே இருக்கும். கூப்பே தாழ்வானது, இரண்டே கதவு, கூரை பின்னால் சரிந்து இறங்கும். நீயும் உன் நண்பன் ஆரோக்கியமும் வாங்கிய கூப்பேயில் முன்டயர்களுக்குத் திருப்புகிற வேலை மட்டும், பின்டயர்களுக்குத் தள்ளுகிற வேலை மட்டும். அதனால் வளைவைவிட்டு வெளியே வரும்போது அதற்கு ஒரு பாய்ச்சல் உண்டு. ஆனால் காலை அவசரமாக அழுத்தினால் பின்பக்கம் வழுக்கி வெளியே போகும்; பயந்து காலைச் சட்டென்று எடுத்தாலோ வண்டி வந்த திசையைப் பார்த்துத் திரும்பி நின்றுவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மொத்தமே இவ்வளவுதான். மீதியெல்லாம் நீங்கள் இருவரும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் போடும் சண்டை.

முன்சக்கர வண்டி நேராகப் போவது எப்படி என்று உனக்கு முதலில் காட்டியது வேடந்தாங்கல் ரோடு. உனக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. பறவை பார்க்க ஆட்கள் வர ஆரம்பிக்காத மாதம், ஏரிக்கரைப் பக்கம் ரோடு காலியாக இருக்கும் என்று உன்னை என் ஹேட்ச்பேக்கில் அங்கே கூட்டிப் போய்ப் பழக்கினேன். கிளட்ச் உனக்கு அரை மணியில் வந்துவிட்டது. வந்ததும் காலுக்குத் திமிரும் வந்துவிட்டது. கரை முடிந்து ரோடு இடது பக்கம் ஒடியும் இடத்தில் நீ ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பியும் வண்டி கேட்கவில்லை. வரப்பைத் தாண்டி நடவு வயலுக்குள் இறங்கி நின்றோம். நட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னா தம்பி, நாத்து நட காருலயா வந்துகினு கீற?" என்று கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களேதான் சேற்றிலிருந்து தள்ளியும் விட்டார்கள். திரும்பி வரும்போது நான், "காலை எடுத்திருந்தா வண்டி திரும்பியிருக்கும்" என்றேன். நீ, "அதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றாய். உண்மைதான். ஆனால் முன்னாடி சொன்னால் நீ கேட்டிருக்க மாட்டாய் என்பதும் உண்மை. அதற்கப்புறம் அந்தக் காரை என்னைவிட நீ நன்றாக ஓட்டினாய்.

ஆரோக்கியத்தைப் பற்றி மலர் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவன் கோவளத்துப் பையன். பொத்தேரியில் நீ கல்லூரியில் படித்தபோது, பக்கத்துப் பரோட்டாக் கடையில் ஒரே மேஜைக்குச் சண்டை போட்டு நண்பனானவன். அவன் அப்பா இன்னும் படகில் போகிறார். அவனுக்குக் கடலில் வாந்தி வரும் என்பதால் மறைமலைநகரில் கார்த் தொழிற்சாலைக்குப் போனான். கோவளத்தில் யாரோ விட்டுப்போன பழைய கூப்பே ஒன்று தார்ப்பாய்க்கு அடியில் உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கிடந்ததை அவன்தான் கண்டுபிடித்தான். வாங்கி, ஒரு வருடம் இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளை அதன் அடியில் படுத்தே கழித்தீர்கள். ஓடத் தொடங்கிய அன்று அதை நம் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி உறுமவிட்டான். நான் வெளியே வந்தேன். "அம்மா, உங்க வண்டி கடை கண்ணிக்குப் போறதுக்கு ஓகே. டிராக்குல ஓட்டணும்னா பின்னாலேந்து தள்ளணும்மா. அதான் கெத்து" என்றான். என் காருக்கு என்ன குறை என்று நான் கேட்டேன். கொஞ்சம் சூடாகவே கேட்டிருப்பேன். "குறைலாம் சொல்லலம்மா. வாங்களேன், ரெண்டத்தையும் இட்டுகினு போவோம். மச்சான் ஓட்டட்டும். நீங்களும் ஓட்டிப் பாருங்க. அப்பால சொல்லுங்க." விளையாட்டாகத்தான் சொன்னான். நான் சரி என்றதும் நீதான் திடுக்கிட்டாய்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துப் பந்தயத் தடத்தில் பொதுமக்கள் தங்கள் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டலாம் என்று சில நாட்கள் திறந்துவிடுகிறார்கள். அப்படி ஒரு சனிக்கிழமை போனோம். நீ கூப்பேயில், ஆரோக்கியம் உன் பக்கத்தில். நானும் உன் அப்பாவும் ஹேட்ச்பேக்கில். உன் அப்பா வங்கியில் கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவர், வாழ்நாளில் சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டியதில்லை. கல்யாணமான நாளிலிருந்து என் இடப்பக்கம் உட்கார்ந்து, மடியில் பையை வைத்துக்கொண்டு, நான் பிரேக் போடும்போதெல்லாம் தானும் காலை அழுத்திக்கொண்டு வந்தவர். அன்று பார்வையாளர் மேடையில் குடை பிடித்து உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டார். கார்கள் சுற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கிளம்பின எடத்துக்கே திரும்பி வர்றதுக்கு ஏன் எல்லாரும் இவ்ளோ அவசரப்படறாங்க?" என்று என்னிடம் கேட்டார்.

முதலில் நீ ஹேட்ச்பேக்கை எடுத்தாய். தடத்தோரம் கார்கள் வந்து நிற்கும் பிட்டின் சுவர் அருகே நின்று, ஆரோக்கியம் கொடுத்த ஸ்டாப்வாட்ச்சில் ஒவ்வொரு சுற்றையும் நான் பார்த்தேன். எல்லாச் சுற்றும் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தன. வளைவுக்கு முன் வேகத்தைக் குறைத்தாய், முன்பக்கம் விலகத் தொடங்கினால் காலை லேசாக எடுத்தாய், மூக்கு உள்ளே வந்தது. வேடந்தாங்கலில் தெரியாமல் போனது இப்போது கணுக்காலிலேயே இருந்தது. இறங்கி வந்து, "நல்லா இருந்துச்சு" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். அப்புறம் கூப்பே. அதில் உன் சுற்றுகள் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. ஒரு சுற்று ஹேட்ச்பேக்கை விட நன்றாகவே வேகம், அடுத்தது மெதுவு, அதற்கடுத்ததில் கடைசி வளைவில் பின்பக்கம் வழுக்கி ரோட்டுக்குக் குறுக்கே வந்தாய். நீ காலை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் விட்டுக்கொடுத்து, வண்டி நேராகும் வரை பொறுத்திருந்து, அப்புறம்தான் அழுத்தினாய். இறங்கி வந்ததும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஆரோக்கியத்திடம் பேச ஆரம்பித்தாய். எந்த டயர் முதலில் விட்டது, வலது பின்பக்கம் எப்போது பிடித்தது, பிரேக்கை விடும்போது மூக்கு எப்படி எழுந்தது என்று கையால் காற்றில் காட்டிக் காட்டிச் சொன்னாய். உன் பேச்சு முடிய நேரமாயிற்று. இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் இதைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்புறம் என் முறை. முதலில் என் காரிலேயே போனேன். சொல்லித்தர நீ என் இடப்பக்கம் உட்கார்ந்தாய். உன் அப்பா உட்காரும் இடம். நீயும் அவரைப் போலவே காலை அழுத்தினாய். தரையில் சத்தம் கேட்டது. மூன்றாவது வளைவில் வண்டி வெளியே ஓடியது. "இன்னும் திருப்பாதம்மா, காலை மட்டும் எடு" என்றாய். எடுத்தேன். இருபது வருடமாக நான் காய்கறி வாங்கப் போன கார், எனக்குத் தெரியாத ஒரு வேலையைத் தனக்குத் தெரியும் என்று காட்டியது. சந்தோஷமாக இருந்தது. நேர்ப்பாதையில் ஒரு முறை நீ கையை நீட்டி ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்தாய். எனக்கு எரிச்சலாக இருந்தது. "நான் ஓட்டறேன் இல்ல?" என்றேன். நீ கையை எடுத்துக்கொண்டாய்.

கூப்பேயில் உட்காருவது தரையில் உட்காருவதுபோல இருந்தது. ஜன்னல் சின்னது, கூரையைத் தாங்கும் தூண் தடி. முதல் சுற்றை மெதுவாகவே போனேன். இரண்டாவது சுற்றில், கொண்டை ஊசி மாதிரி மடங்கும் வளைவில், வெளியே வரும்போது கொஞ்சம் ஆசைப்பட்டு அழுத்திவிட்டேன். பின்பக்கம் போனது தெரிந்தது. நாற்காலிக்கு அடியிலிருந்து யாரோ விரிப்பை உருவுவதுபோல இருந்தது. எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பயந்து காலை எடுத்தேன். வண்டி ஒரு முழுச் சுற்று சுற்றிப் புல்லில் நின்றது. புகையும் ரப்பர் நாற்றமும். நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ கையை மடியிலேயே வைத்திருந்தாய். "பரவால்ல, எல்லாருக்கும் ஒரு தடவை ஆகும்" என்றாய். நான் சிரித்துவிட்டேன். நீயும் சிரித்தாய். பணி ஓய்வுக்குப் பிறகு நான் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அடுத்த சுற்றில்தான் அது நடந்தது. நான் இப்போது நிதானமாகத்தான் ஓட்டினேன். இடது வளைவு ஒன்றைச் சுத்தமாக எடுத்தேன், இடது டயர் ஓரத்துக் கல்லைத் தொடும் அளவுக்கு ஒட்டி எடுத்தேன். நீ பாராட்டப்போகிறாய் என்று காத்திருந்தேன். நீ மிகத் தாழ்ந்த குரலில், "அம்மா, மஞ்சக்கொடி பாத்தியா?" என்று கேட்டாய். எந்தக் கொடி என்றேன். "சரி. வேகத்தைக் குறை. அப்படியே பிட்டுக்குப் போயிடலாம்" என்றாய். உன் குரலில் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

பிட்டில் நின்ற கொஞ்ச நேரத்தில் தடத்தின் பாதுகாப்பு ஆள் ஒருவர், வேகத்தைக் குறைக்கச் சொல்லி ஆட்டும் மஞ்சள் கொடியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "இன்னாம்மா நீங்க! அந்த வெள்ளக் காரு நின்னு போச்சுன்னு தள்ளிகினு கீறோம். கொடிய ஆட்டிகினே கீறேன், எம்மேலயே வர்றீங்க! குதிச்சி அந்தாண்ட போய்ட்டேன், இல்லாங்காட்டி இன்னாத்துக்கு ஆவுறது?" நான் அவரைப் பார்த்தேன். பொய் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. "நான் உங்களைப் பார்க்கவே இல்லை" என்றேன். அவருக்குக் கோபம் இறங்கிவிட்டது. எதிர்த்துப் பேசுகிறவர்களைத் திட்டித்தான் அவருக்குப் பழக்கம் போலிருக்கிறது, கொடியை இன்னும் இறுக்கிச் சுருட்டிக்கொண்டு நின்றார். நீ நடுவில் வந்து, "என் மிஸ்டேக்ணா, நான்தான் பேசிகினே வந்தேன்" என்றாய். அது உண்மை இல்லை. அந்தச் சுற்றில் கொடியைத் தாண்டும் வரை நீ ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

கார்கள் நிறுத்தும் இடத்துக்கு நடந்து போனோம். நான் கூப்பேயைத் திட்டிக்கொண்டே வந்தேன். தூண் தடி, ஜன்னல் சின்னது, தரையோடு தரையாக உட்கார்ந்தால் என்ன தெரியும், இதில் ஓட்டச் சொல்வதே தவறு என்றேன். நீ என்னை நேராகப் பார்க்கச் சொல்லிவிட்டு என் இடது தோளுக்குப் பக்கத்தில் போய் நின்றாய். "எத்தனை விரல் காட்றேன்?" என்றாய். விரலைக் காட்டு, அப்புறம் கேள் என்றேன். "காட்டிகிட்டுத்தாம்மா இருக்கேன்." கழுத்தைத் திருப்பினேன். உன் கை முழுதாக விரிந்து என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. "ஹேட்ச்பேக்லயும் ஒரு கார் இடது பக்கம் ஏறி வந்துது. நீ அந்தப் பக்கம் போக ஆரம்பிச்ச. அதான் ஸ்டியரிங்கப் புடிச்சேன்" என்றாய். நான் உன்மேல் பாய்ந்தேன். நீ என்ன டாக்டரா, என் கார், என் கண், முப்பது வருடமாக வண்டி ஓட்டுகிறேன், ஒரு கீறல் உண்டா என்று சத்தம் போட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். நீ கூப்பேயின் சாவியை ஆரோக்கியத்திடம் கொடுத்துவிட்டு, என் கையிலிருந்து என் சாவியை வாங்கிக்கொண்டாய். நீ பிடுங்கவில்லை. நான் கொடுக்கும் வரை கையை நீட்டிக்கொண்டே நின்றாய்.

செங்கல்பட்டில் கண் டாக்டர் ஓர் இளம்பெண். அரைக்கோளம் மாதிரி ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். அந்தச் சோதனை எனக்குப் பிடித்திருந்தது. நன்றாக வடிவமைத்த சோதனை. முடிவை என் முன்னால் வைத்தார். இடது கண் படம் கிட்டத்தட்ட முழுக்கக் கறுப்பு. வலது கண்ணிலும் ஓரங்கள் தேய ஆரம்பித்திருந்தன. கண்ணுக்குள் நீரழுத்தம், க்ளாக்கோமா. "இது ஒரு நாள்ல வந்தது இல்லம்மா. வலி இருக்காது. வலது கண்ணு ரெண்டு கண்ணு வேலையையும் பாத்துட்டு இருந்திருக்கு, அதனால உங்களுக்குத் தெரியல. சொட்டு மருந்து விட்டா இருக்கறதைக் காப்பாத்தலாம். போனது வராது." வண்டி ஓட்டலாமா என்று கேட்டேன். பதில் எனக்குத் தெரியும், ஆனாலும் அவர் வாயால் வர வேண்டியிருந்தது. வேண்டாம் என்றார். நீ தலை குனிந்து உட்கார்ந்திருந்தாய். டாக்டர் உன்னைப் பார்த்து, இன்னும் ஒரு வருடம் தெரியாமல் விட்டிருந்தால் வலது கண்ணையும் காப்பாற்றுவது கடினம் என்றார். பந்தயத் தடத்துக்குப் போனதால் எனக்கு மிஞ்சியது வலது கண். இதை நான் உன்னிடம் நேரில் சொன்னதில்லை. எழுத்தில் சொல்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

நீ முன்பே விண்ணப்பித்திருந்த கோயம்புத்தூர் அணிக்காரர்கள் உன்னைப் பந்தய ஓட்டுநர் தேர்வுக்குக் கூப்பிட்டது அதே வாரம். நீ போக மாட்டேன் என்றாய். "பஸ்ஸுக்கே ஈ.சி.ஆர். வரைக்கும் நடக்கணும். அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. உன்னை யாரு செங்கல்பட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க?" என்று என்னிடம் கேட்டாய். உன் அப்பா அந்த நேரம் வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திருப்பாமல் ரொம்ப நேரம் ஒரே பக்கத்தைப் படித்தார். தேர்வுக்கு மட்டுமாவது போய்விட்டு வா என்று நான் சண்டை போட்டுத்தான் உன்னை அனுப்பினேன். தேர்ந்துவிட்டாய். இப்போது திரும்பி வரக் காரணம் தேடுகிறாய், அந்தக் காரணத்துக்கு என் பெயரை வைக்கிறாய்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அணியில் உன் நண்பர்கள் ஹேட்ச்பேக் என்கிறார்கள் என்றாய். காரணங்கள் சரியானவைதான். உனக்கு அது கை வந்த வண்டி. சுற்றுக்குச் சுற்று மாறாமல் ஓட்டுவாய். முதல் வருடத்திலேயே வெற்றி மேடையில் நிற்கவும் செய்யலாம். மழை வந்தால் அது உன்னைக் கைவிடாது. இதெல்லாம் நானும் ஸ்டாப்வாட்ச்சில் பார்த்ததுதான். ஆனால் நான் சோதனைக் கூடத்தில் வேலை செய்தவள். ஒரு கருவியிடமிருந்து என்ன கற்றோம் என்பதுதான் எனக்குக் கணக்கு. ஹேட்ச்பேக்கிலிருந்து இறங்கி நீ சொன்னது இரண்டு வார்த்தை. அது உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டது. கூப்பேயிலிருந்து இறங்கி, நான்கு டயரும் செய்ததை ஒன்றுவிடாமல் சொன்னாய். வண்டி செய்வதை உடம்பில் வாங்கி, அதை இன்னொருவருக்குப் புரியும்படி வாயால் சொல்லத் தெரிந்த ஓட்டுநர் ஓர் அணிக்குக் கிடைப்பது அபூர்வம் என்று நினைக்கிறேன். முதல் வருடம் நீ தோற்பாய். சில தடவை புல்லில் சுற்றி நிற்பாய். கூப்பேயை எடு. இதை வாழ்க்கைக்குப் பொருத்தி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, கார் காராகவே இருக்கட்டும். நான் பயப்படுவேன் என்று நினைத்து மட்டும் ஹேட்ச்பேக்கை எடுக்காதே. நான் இரண்டுக்கும் பயப்படுவேன்.

திரும்பி வருவதைப் பற்றி. இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று உன் அப்பா என்னைக் கேட்டுக்கொண்டார். நேற்றோடு அந்தத் தடை நீங்கிவிட்டது. நீ கிளம்பிய மறுநாளிலிருந்து அவர் காலையில் நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வழக்கத்தைவிட வேர்த்துத் திரும்பி வந்தார். நடை வேகம் கூடியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் புதுப்பட்டினம் கடைத்தெருவில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். ஹாரன் சத்தம் பலமாகக் கேட்டது. கழுத்தைத் திருப்பிப் பார்த்தால், 'எல்' போர்டு மாட்டிய ஓட்டுநர் பள்ளிக் கார் நடுரோட்டில் நின்றுபோயிருக்கிறது. பக்கத்தில் இருந்த மாஸ்டர் கத்துகிறார்: "சார், கிளட்ச்ச மெதுவா வுடு சார்! இன்னா சார் நீ, வண்டி தவளையாட்டம் குதிக்குது!" ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது உன் அப்பா. அறுபத்திரண்டு வயது. நான் நிற்பதைப் பார்த்தார். பார்த்ததும் பார்க்காததுபோல நேராக முகத்தை வைத்துக்கொண்டார். நானும் கத்திரிக்காய் பொறுக்க ஆரம்பித்தேன். அன்று மாலை காபி குடிக்கும்போது, "காலைல கடைத்தெருவுல ஏதாவது பாத்தியா?" என்று கேட்டார். "எனக்குத்தான் பக்கவாட்டுல ஒண்ணும் தெரியாதே" என்றேன். நிம்மதியாகக் காபியைக் குடித்தார். முதல் தேர்வில் தோற்ற அன்றுதான் என்னிடம் ஒப்புக்கொண்டார், உனக்கு மட்டும் தெரியக்கூடாது என்றார். இரண்டாவது தேர்வில் தேறினார். லைசென்ஸ் நேற்றுதான் கைக்கு வந்தது. அதை மேஜைமேல் என் சொட்டு மருந்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, குளிக்கப் போய்விட்டார்.

இன்று காலை எனக்குக் கண் பரிசோதனை இருந்தது. அவர்தான் ஓட்டினார். நான் இடப்பக்கம் உட்கார்ந்தேன். திருக்கழுக்குன்றம் வரை இரண்டாவது கியரிலேயே போனோம். எங்களைச் சைக்கிள்கள் தாண்டவில்லை, மற்ற எல்லாம் தாண்டின. நான் வாயைத் திறக்கக்கூடாது என்று தீர்மானித்திருந்தேன், பெரும்பாலும் திறக்கவில்லை. செங்கல்பட்டில் மேம்பாலம் ஏறும்போது வண்டி நின்றுவிட்டது. திரும்பக் கிளப்பும்போது கொஞ்சம் பின்னால் உருண்டது. பின்னால் இருந்த ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "யோவ் பெருசு! வண்டிய முன்னால ஓட்டுய்யா, பின்னால இன்னாத்துக்கு வர்ற?" என்று கத்தினார். உன் அப்பா யாரிடமும் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. வங்கியிலும் சரி, வீட்டிலும் சரி, ஒரு நாள்கூட இல்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை விட்டு, "இருய்யா! கத்துகினு கீறேன்ல!" என்று பதிலுக்குக் கத்தினார். ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். இறங்கி வந்து எங்கள் வண்டியின் பின்னால் கை கொடுத்து நின்றார். மூன்றாவது முயற்சியில் கிளம்பினோம்.

மருத்துவமனை வாசலில் இரண்டு வண்டிக்கு உரிய இடத்தில் குறுக்காக நிறுத்தி இன்ஜினை அணைத்தார். நான் கதவைத் திறக்கப் போனேன். அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் காத்திருந்தேன். அப்புறம் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்:

"அவன் திரும்பி வந்துடறேன்னு சொன்னா வேணாம்னு சொல்லு. வீட்ல டிரைவர் இருக்காருன்னு சொல்லு."

சொல்லிவிட்டேன்.

அம்மா